புதிதாய் வாங்கிய தேனீக் குடும்பங்களும் உண்ணிச் சிகிச்சையும்

தேனீ வளர்ப்பு கிராமவாசிகளுக்கு ஏற்ற உபதொழில் என்பதைச் சங்க அங்கத்தினர்களுக்கு மறுபடியும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிலமில்லாதவரும் இதனைச் செய்யலாம். இதற்கென நாள் முழுவதும் உழைக்க வேண்டியதுமில்லை. ஆயினும், புதிதாய் வாங்கிய பெட்டியில் ஈக்கள் சில மாதம் நன்றாய்ப் பெருகிப் பின்னர் சில வாரங்களுக்குள் மளமளவென்று குறைந்து, வெறும் அடையே மிஞ்சி நிற்கும் காட்சியை அங்கத்தினர் சிலரேனும் கண்டிருப்பர். இதற்குக் காரணம் கண்ணேறு என்பார் உளர். பக்கத்துத் தோட்டத்தில் தெளித்த மருந்து என்பாரும் உளர். மருந்தால் ஈ சாவதும் உண்மையே. ஆனால் மருந்தால் நேரும் சாவில் பெட்டியின் வாயிலில் ஈக்கள் குவியலாய்க் கிடக்கும். குவியல் ஏதுமின்றி, சிறகு சுருங்கிய ஈக்கள் சில தரையில் ஊர்ந்துகொண்டிருக்கக் குடும்பம் மெலியுமாயின், இத்தாலியத் தேனீயைப் பொறுத்தவரை முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணியையே. கடன் பெற்றுப் பெட்டி வாங்கியவருக்கு ஈ போனபின்னும் தவணை நிற்பதில்லை. ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாய் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலாவதாக அறிய வேண்டியது, வாங்கியது எந்த ஈ என்பது. நம் நாட்டிலே தொன்றுதொட்டு மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காய் அடை கட்டி வாழ்வது இந்தியத் தேனீ. இதனை அடுக்குத் தேனீ என்றும் சொல்வர். சற்றுப் பெரிய உடலும் அதிகமாய்த் தேன் சேர்க்கும் இயல்பும் உடைய இத்தாலியத் தேனீ மேல்நாட்டிலிருந்து வந்தது. 1960-களில் பஞ்சாபிலும் இமயமலை அடிவாரத்திலும் நிலைபெற்றுப் பின்னர் தெற்கே பரவியது. உண்ணியின் விஷயத்தில் இவ்விரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு.

வரோவா என்று சாஸ்திரிகள் பெயரிட்டுள்ள உண்ணி ஆசியாவின் பொந்துத் தேனீயோடு நெடுங்காலம் கூடி வாழ்ந்து வந்த பிராணி. 1904-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவில் பிடித்த ஈக்களிலிருந்து இது முதன்முதல் வர்ணிக்கப்பட்டது. இத்தாலியத் தேனீயை அழிப்பது அதே இனமென்றே பல்லாண்டுகள் எண்ணப்பட்டது. அது வேறோர் இனம் என்று 2000-ஆம் ஆண்டிலேதான் பிரித்தறியப்பட்டது. நம் இந்தியத் தேனீ இவ்வுண்ணியோடு வாழக் கற்றுக்கொண்டது. ஓர் ஈ மற்றோர் ஈயின் உடலைத் துழாவி உண்ணியைப் பிடித்துக் கடித்தெறிகிறது. பணி ஈயின் புழுவில் உண்ணி புகுந்தால் அப்புழுவையே இழுத்து வெளியேற்றிவிடுகிறது. பெரும்பாலும் ஆண் ஈயின் கண்ணறைகளில் மட்டுமே உண்ணி அங்கே பெருக முடிகிறது. ஆதலால் இந்தியத் தேனீ வாங்கியவர் உண்ணிக்கென்று மருந்து எதுவும் இடவேண்டுவதில்லை. இடுவது தீமையே, காரநெடி பட்டால் அவ்வீ பெட்டியை விட்டே ஓடிவிடும். இந்தியத் தேனீயில் அஞ்ச வேண்டியது 1991 தொடங்கித் தென்னிந்தியாவில் எண்ணற்ற குடும்பங்களைக் கொண்டுபோன பைப்புழு நோய். அது வைரஸால் வருவது. உண்ணி மருந்திற்கு அது கட்டுப்படாது. இனி இக்கட்டுரையில் கூறுவனவெல்லாம் இத்தாலியத் தேனீயைப் பற்றியவை.

உண்ணியின் வாழ்க்கையை அறியாதவர் அதற்குச் செய்யும் சிகிச்சை இருட்டில் கல் எறிவதை ஒக்கும். முதிர்ந்த பெண் உண்ணி செம்பழுப்பு நிறமுடையது. நண்டைப்போல் அகலம் மிகுந்து, நீளம் குறைந்து, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வெறுங்கண்ணுக்குப் புலப்படும், ஆனால் ஈயின் வயிற்றடித் தகடுகளுக்கிடையே நுழைந்து ஒட்டிக்கொள்வதால் பெட்டியைத் திறந்து மேலோட்டமாய்ப் பார்ப்பவருக்கு அகப்படாது. அங்கிருந்துகொண்டு ஈயின் கொழுப்புச் சதையை உண்ணும். கண்ணறையில் வளரும் புழு மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன்னர் உண்ணி உள்ளே புகுந்துவிடும். மூடிய சுமார் 60 முதல் 70 மணி நேரத்தில் முதல் முட்டை இடும். அதிலிருந்து ஆண் உண்ணி வரும். அதன்பின் 30 மணிக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள் இடும். பணி ஈயின் அறை மூடியிருப்பது 12 நாள். அதற்குள் முதிர்ந்த பெண்ணுண்ணி ஒன்றோ இரண்டோதான் தேறும். ஆண் ஈயின் அறை மூடியிருப்பது 14 அல்லது 15 நாள்; அங்கே இன்னும் அதிகம் தேறும். தாயும் மக்களும் புதிய ஈயின்மேலேறி வெளிவந்து, மறுபடியும் வேறு அறை தேடும். உண்ணி உறிஞ்சுவதனால் மட்டும் குடும்பம் அழிவதில்லை. அது ஈக்கு ஈ சுமந்து செல்லும் வைரஸ் நோய்களே பெரும் நாசத்தை விளைவிக்கின்றன. சிறகு சுருங்கிய ஈக்கள் அதன் அடையாளம்.

இதிலிருந்து சிகிச்சைக்கு வேண்டிய உண்மை ஒன்று விளங்கும். மெழுகு மூடிய அறைக்குள் இருக்கும் உண்ணியைப் பெரும்பாலான மருந்துகள் தீண்டுவதில்லை. புழு உள்ள குடும்பத்தில் உண்ணிகளில் பாதிக்கு மேல் மூடிய அறைகளுக்குள் பத்திரமாய் இருப்பது வழக்கம். மூடிய அறையே இல்லாத குடும்பத்திலோ அத்தனை உண்ணியும் ஈக்களின் உடல்மேல் வெளியே இருக்கும். அச்சமயம் ஒரே முறை செய்யும் சிகிச்சை, மற்றச் சமயத்தில் பலமுறை செய்வதைவிட மேலானது. புதிதாய் வாங்கிய தேனீக்கு இச்சமயம் தானாகவே வாய்க்கிறது. அதை நழுவவிட்டவர் பின்னர் மாதக்கணக்கில் பாடுபட நேரிடும்.

ஆதலால் வாங்கும்போதே யோசித்து வாங்குதல் வேண்டும். கூடுமானால் அடையை வாங்காமல் ஈயை வாங்குக. அதாவது, இராணியோடு கூடிய ஈக்களைக் கம்பி வலைக் கூண்டில் எடை கணக்கில் வாங்கியோ, குடிபிரிந்து வந்த கூட்டத்தைப் பிடித்தோ, புதிய சட்டங்களில் குடியேற்றுதல் நலம். விற்பவர் புழு அடைகளோடுதான் கொடுப்பேன் என்பாராயின், பணம் கொடுக்குமுன் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். ஆண் ஈயின் அறைகள் உப்பிய மூடியுடன் இருப்பதால் எளிதில் அடையாளம் தெரியும். அவற்றில் ஐம்பது அறுபதை முள்கரண்டியால் கிளப்பிப் பார்த்தால், வெண்மையான கூட்டுப்புழுவின்மேல் செந்நிற உண்ணி தெளிவாய்த் தெரியும். மூடிகள் குழிந்தும் ஓட்டையாகியும், புழு அடை அங்குமிங்குமாய்ச் சிதறியும் இருந்தால் அக்குடும்பத்தை வாங்காதிருப்பதே உத்தமம். விலை குறைவு என்று விற்பவர் சொல்லுவதும் அத்தகைய பெட்டிக்கே.

எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு சுலபமான உபாயம் உண்டு. அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து, அதன் மூடியை வெட்டி, உண்ணி வெளிவரவும் ஈ வெளிவராமலிருக்கவும் தக்க கம்பி வலையைப் பொருத்திக்கொள்க. புழு அடையிலிருந்து ஈக்களைத் தட்டில் தட்டி, அரைக் கோப்பை அளவு அள்ளிப் புட்டியிலிடுக. ஏறக்குறைய 300 ஈக்கள் இருக்கும். இராணி அதில் அகப்படாதபடி முன்னரே அவளைக் கண்டு வேறு சட்டத்தில் விலக்கி வைப்பது மிக மிக முக்கியம். இரண்டு மேசைக்கரண்டி நன்கு உலர்ந்த சர்க்கரைப் பொடியை வலைவழியே கொட்டி, புட்டியை ஒரு நிமிஷம் உருட்டி, இரண்டு நிமிஷம் நிழலில் வைத்துப் பின்னர் தலைகீழாய் ஒரு வெள்ளைத் தட்டின்மேல் பலமாய்க் குலுக்குக. பொடியோடு உண்ணிகளும் விழும். தட்டில் சிறிது தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து, உண்ணிகள் தனித்துத் தெரியும். ஈக்கள் வெண்ணீறு பூசிய பண்டாரங்களைப்போல் உயிரோடு பெட்டிக்குத் திரும்பும், ஒன்றும் சாவதில்லை. மழைக்காலத்தில் பொடி ஈரம் வாங்கிக் கட்டிவிடுமாதலால் அப்போது இக்கணக்கு சரிவராது. தட்டில் 9 உண்ணி விழுந்தால் நூற்றுக்கு 3 என்று பொருள். நூற்றுக்கு 3 என்பது சிகிச்சை செய்தே தீர வேண்டிய எல்லை. நூற்றுக்கு 2 என்றாலே கைகட்டி இருக்கலாகாது. நூறில் மூன்று சொற்பந்தானே என்று எண்ணுபவர், வெளியே மூன்று தென்படும்போது மூடிய அறைகளுக்குள் அதனினும் அதிகம் பெருகிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்தவராவர்.

இன்னோர் உண்ணியும் உண்டு. மலைத்தேனீயிடமிருந்து இத்தாலியத் தேனீக்கு வந்த டிராபிலேலாப்ஸ் என்பது அது. வரோவாவைவிடச் சிறியது, அகலம் குறைந்து நீண்டிருக்கும், அடைமேல் விரைந்து ஓடும். இது பெரும்பாலும் புழுவிலேயே வாழ்வதால் சர்க்கரைப் பரீட்சையில் அவ்வளவாய் அகப்படாது. புழு அடையை வெள்ளைத் தட்டின்மேல் தட்டிப் பார்த்தும், மூடிய அறைகளைக் கிளப்பிப் பார்த்துமே கண்டறிதல் வேண்டும். முதிர்ந்த ஈயின் தோலைத் துளைத்து உண்ண இதனால் எளிதில் இயலாது; ஆதலின் புழுவே இல்லாத குடும்பத்தில் சில நாட்களுக்கு மேல் இது பிழைப்பதரிது. இது நமக்கு அனுகூலமான செய்தி, பின்னர்ப் பயன்படும்.

இனிச் சிகிச்சை. அடையின்றி ஈக்களாய் வாங்கிக் குடியேற்றிய குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இராணி முட்டையிடத் தொடங்கி, முட்டை மூன்று நாளும் புழு ஐந்தாறு நாளும் கழித்து, ஏறக்குறைய 9-ஆம் நாளில் முதல் அறை மூடப்படும். மூடுவதற்கு முன்பே உண்ணி உள்ளே போய்விடுமாதலால், குடியேற்றிய 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையே சிகிச்சை முடிந்துவிட வேண்டும். முதலிரண்டு நாள் ஈக்கள் புதுப் பெட்டியில் நிலைகொள்ளட்டும். அவசரப்பட்டுத் தொந்தரவு செய்தால் குடும்பமே கிளம்பிவிடும்.

இதற்கு உகந்தது ஆக்ஸாலிக் அமிலம். 600 கிராம் சர்க்கரையை 600 மில்லிலிட்டர் வெந்நீரில் கரைத்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். அதில் 35 கிராம் ஆக்ஸாலிக் அமிலப் பொடியைக் கரைக்க வேண்டும். பொடியைத் தராசில் நிறுத்தே போடுக. கைம்மதிப்பு இங்கே செல்லாது. பாகு ஆறியபின், ஊசி நீக்கிய ஸிரிஞ்சினால், ஈ நிறைந்த இரண்டு சட்டங்களுக்கிடையேயுள்ள ஒவ்வொரு சந்திலும் 5 மில்லிலிட்டர் வீதம் ஈக்களின்மேல் படும்படி மெல்ல வார்க்க வேண்டும். ஈ இல்லாத சந்தில் வார்ப்பது வீண். எவ்வளவு பெரிய குடும்பமாயினும் ஒரு பெட்டிக்கு 50 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. மாலையில், வெயில் தணிந்தபின் செய்க. ஒரே முறைதான், பலன் போதவில்லை என்று மறுவாரமே மீண்டும் வார்த்தால் உண்ணியோடு ஈயும் நலியும். தேன் அறை பெட்டியின்மேல் இருக்கும்போது இதைச் செய்யலாகாது. கலந்த பாகை அன்றைக்கே செலவழித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நாள்பட்டால் அது ஈக்கு நஞ்சாகும். ஒரு லிட்டர் பாகு 20 பெட்டிக்குப் போதுமாகையால், பெட்டி வாங்கிய அங்கத்தினர்கள் ஒரே நாளில் கூடிச் செய்தால் செலவும் குறையும், அளவும் பிசகாது.

இவ்வமிலம் விளையாட்டுப் பொருளன்று. தூள் மூக்கிலோ கண்ணிலோ படலாகாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு வேலை செய்க. உலோகப் பாத்திரத்தில் கலக்காமல் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்குக. பொட்டலத்தைச் சமையலறையில் வைக்கவே கூடாது. பார்வைக்கு அது சர்க்கரையையும் உப்பையும் ஒத்திருக்கும்.

புழு அடைகளோடு வாங்கிய குடும்பத்திற்கு வேறு வழி செய்ய வேண்டும். இராணியைச் சிறு கூண்டிலிட்டு, அக்கூண்டை நடுச் சட்டங்களுக்கிடையே 24 நாள் வைத்திருத்தல் சிறந்தது. பணி ஈ முட்டையிலிருந்து வெளிவர 21 நாளும், ஆண் ஈ வெளிவர 24 நாளும் ஆகும். ஆகவே 24-ஆம் நாளில் பெட்டியில் மூடிய அறை ஒன்றும் இராது. அன்று மேற்கூறிய பாகை வார்த்துவிட்டு, மறுநாள் இராணியை விடுவிக்கலாம். இவ்விடைவெளியில் மலைத்தேனீ உண்ணியும் உணவின்றி மடியும் என்பது இம்முறையின் தனிச்சிறப்பு. ஆனால் மூன்று வாரத்திற்கு மேல் முட்டை இல்லாததால் குடும்பம் சற்று இளைக்கும். ஆதலால் ரப்பர்த் தோட்டத்திலோ புளி, முருங்கை, எள் முதலியவற்றிலோ தேன் வரத்துத் தொடங்குமுன் இரண்டு மாதம் இருக்கும்படி நாள் பார்த்துச் செய்க. இராணியைக் கையாளப் பழகாதவர் பழகினவரைக் கொண்டே இதைச் செய்விக்க வேண்டும்.

மூடிய அறைக்குள்ளும் சென்று தாக்குவது பார்மிக் அமிலத்தின் ஆவி ஒன்றே எனலாம். நம் நாட்டில் 85 சதவிகித அமிலத்தை நாளொன்றுக்கு 5 மில்லிலிட்டர் வீதம் பஞ்சுத் திரியிட்ட சிறு புட்டியில் ஊற்றி, அடிப்பலகையில் வைத்து, இரண்டு வாரம் தொடர்வது வழக்கம். இது குளிர்ந்த காலத்திற்கே உரியது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் ஆவி ஒருங்கே எழுந்து புழுவையும் இராணியையும் கொல்லும். மலைப்பகுதியிலும், சமவெளியில் மார்கழி, தை மாதங்களிலும் இதைக் கருதலாம். சித்திரை வைகாசியில் இதன் புட்டியைத் திறவாதிருப்பதே நன்று. ஓமத்திலிருந்து எடுக்கும் தைமால் இதைவிட வெப்பத்தைத் தாங்கும். ஆனால் மூடிய அறைக்குள் அது செல்லாது, தேனில் மணமும் ஏறும். கந்தகப் பொடியைச் சட்டத்திற்கு 200 மில்லிகிராம் வீதம் மேற்கட்டைகளில் தூவுவது மலைத்தேனீ உண்ணிக்கு வழங்கிவரும் முறை. அளவு மீறினால் புழு சாகும். கூண்டு முறை கைவந்தவருக்கு இது தேவைப்படுவதில்லை.

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை அட்டையில் நனைத்துப் பெட்டியில் தொங்கவிடும் பழக்கம் சிலரிடையே உண்டு. இதை வன்மையாய்க் கண்டிக்க வேண்டும். முதல் வருஷம் உண்ணி உதிரும். அதைப் பார்த்து மகிழ்வர். பின்னர் மருந்துக்குத் தப்பிய உண்ணியே பெருகும். மருந்தோ மெழுகில் ஊறி அடையை விட்டு நீங்காது. அவ்வடையின் தேனைச் சங்கத்தின் முத்திரையோடு விற்பது எங்ஙனம்? சர்க்கரைப் பொடியை வாரந்தோறும் தூவினாலே உண்ணி ஒழியுமென்பதும் நம்பத்தக்கதன்று. அது எண்ணுவதற்குக் கருவியேயன்றி மருந்தன்று.

ஒருவர் பெட்டியைத் துப்புரவாக்கி அடுத்தவர் வாளாவிருந்தால் பயனில்லை. ஈக்கள் வழிதவறி அடுத்த பெட்டியில் நுழையும். நலிந்த பெட்டியின் தேனைப் பலமுள்ள பெட்டியின் ஈக்கள் கொள்ளையிடும்போது அதன் உண்ணியையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவரும். கடலால் சூழப்பட்ட ஆஸ்திரேலியா நெடுங்காலம் வரோவா இல்லாத நாடாய் இருந்தது. 2022 ஜூன் மாதத்தில் நியூகாஸில் துறைமுகத்துக் காவல் பெட்டிகளில் உண்ணி காணப்பட்டபோது, சுற்றுவட்டாரத்துப் பெட்டிகளை அழித்தே அதை ஒழிக்க முயன்றனர். 2023 செப்டம்பரில் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. ஓர் அரசாங்கத்தாலேயே தடுத்து நிறுத்த இயலாத உண்ணியைத் தனியொருவர் தம் வேலியால் தடுத்துவிட முடியாது.

ஆகவே, பெட்டி வாங்கக் கடன் கொடுக்கும் சங்கங்கள் சில ஏற்பாடுகளைத் தீர்மானமாகவே நிறைவேற்றிக்கொள்ளலாம். அங்கத்தினர் தனித்தனியே வாங்காமல் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் வாங்குதல். சர்க்கரைப் பரீட்சை செய்து எண்ணிக்கையைப் பதிவு செய்தபின்னரே விற்பவருக்குப் பணம் செலுத்துதல். புதிய பெட்டிகளை நாற்பது நாளேனும் பழைய பெட்டிகளுக்குத் தூரமாய் வைத்து, அவற்றின் சட்டங்களையும் உளிகளையும் கலவாதிருத்தல். எல்லாப் பெட்டிக்கும் ஒரே வாரத்தில் சிகிச்சை செய்தல் ஆகியவை அவை. இரண்டு மூன்று கிலோமீட்டர் பறக்கும் ஈயை முற்றும் விலக்கி வைத்தல் கிராமத்தில் இயலாதுதான். ஆயினும் பெட்டிகள் நெருங்கியிராவிட்டால் வழிதவறி நுழைவது வெகுவாய்க் குறையும். நலிந்த பெட்டியின் வாயிலை ஓரிரண்டு ஈ நுழையுமளவு சுருக்கி வைத்தால் கொள்ளையும் குறையும்.

சிகிச்சைக்கு மறுநாளே உண்ணி உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து வேலை முடிந்ததென்று கருதலாகாது. உதிர்ந்தவை எத்தனை என்பது கணக்கன்று. மிஞ்சியவை எத்தனை என்பதே கணக்கு. மூன்று வாரம் கழித்து மறுபடியும் 300 ஈயைப் புட்டியிலிட்டு எண்ணுக. மூன்றுக்கு மேல் விழுந்தால், அளவில் பிசகோ, மூடிய அறை எங்கோ இருந்ததோ, அண்டைப் பெட்டியிலிருந்து வந்ததோ என்று ஆராய்ந்து, இராணியைக் கூண்டிலிடும் முறையை மேற்கொள்க. அதன்பின் மாதம் ஒருமுறை எண்ணி, தேதி, பெட்டி எண், உண்ணித் தொகை ஆகிய மூன்றையும் பெட்டியின் உள்மூடியிலேயே பென்சிலால் குறித்துவருதல் போதும். பெட்டியை மற்றோர் அங்கத்தினருக்கு மாற்றும்போது அக்குறிப்பும் பெட்டியோடு போகும்.